கட்டத் தெரிந்த பிறகே கடல்

2023 செப்டம்பரில் வனுவாட்டுத் தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரை நோக்கி மூன்று பேர் ஒன்பது மீட்டர் நீளக் காற்றடைத்த கேட்டமரானில், அதாவது இரட்டை மிதவைப் படகில், வந்துகொண்டிருந்தார்கள். கெய்ன்ஸ் இன்னும் 800 கிலோமீட்டருக்கு அப்பால். சுறாக்கள் அடுத்தடுத்துத் தாக்கியதில் இரண்டு மிதவைகளும் சேதமடைந்தன. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு அவர்கள் அவசர சமிக்ஞைக் கருவியை இயக்கினார்கள். கார்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் சென்ற கப்பல் ஒன்று வந்து மூவரையும் உயிரோடு ஏற்றிக்கொண்டது. செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்திருக்கக்கூடிய கேள்வி, காற்றுப் பையை நம்பிக் கடலில் இறங்கலாமா என்பதே. எனக்கு அந்தச் சம்பவம் இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. கடிபட்ட பிறகும் கப்பல் வந்து சேரும்வரை அந்தப் படகு மிதந்தது. 1952இல் அலென் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் நாலரை மீட்டர் ரப்பர் படகில் லாஸ் பால்மாஸிலிருந்து புறப்பட்டு 65 நாளில் பார்படாஸ் போய்ச் சேர்ந்தார். ஆகவே, காற்றடைத்த துணி என்பதற்காக மட்டும் ஒரு படகைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சந்தேகிக்க வேண்டியது அதைக் கரையில் பூட்டும் அவசரத்தை.

கண்ணாடியிழைப் படகை ஒருவர் ஒருமுறை கட்டி முடிக்கிறார். அதற்குப் பிறகு ஓட்டுபவர் ஓட்டினால் போதும். மூன்று முதல் ஐந்து மீட்டர் வரையிலான காற்றடைத்த கேட்டமரான் அப்படி இல்லை. அது காரின் பின்பெட்டியில் பையாக வருகிறது. இரண்டு மிதவை, அலுமினியக் குழாய்ச் சட்டம், நடுவில் இழுத்துக் கட்டும் விரிப்பு, துண்டு துண்டாகப் பொருத்தும் பாய்மரம், சுக்கான், பாய், கயிறுகள். கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அது புதிதாகக் கட்டப்படுகிறது. கட்டுபவர் கப்பல் தச்சர் இல்லை; வாங்கியவர்தான். நம் கட்டுமரத்தின் பெயரை டாம்பியர் போன்ற பயணிகள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்னாளில் அந்தப் பெயர், கட்டுமரத்தோடு வடிவத்தில் எந்த ஒப்புமையும் இல்லாத இரட்டை மிதவைப் படகுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் இந்தக் காற்றடைத்த வகை மட்டும் ஒரு விஷயத்தில் அந்தப் பெயருக்கு உண்மையிலேயே உரியது. சோழமண்டலக் கரையில் மீனவர்கள் கரையேறியதும் மரங்களை அவிழ்த்துப் போட்டு உலர்த்துவார்கள், அடுத்த முறை மறுபடி கட்டுவார்கள். அங்கே கட்டுவது தொழிலின் ஒரு பகுதி. இந்தப் படகை வாங்குபவர்களோ பூட்டுவதைப் பயணத்துக்கு முன்னால் சீக்கிரம் முடித்துத் தொலைக்க வேண்டிய சில்லறை வேலையாக நினைக்கிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

காற்றையே எடுத்துக்கொள்வோம். மிதவைக்குள் 0.2 பார், அதாவது வெளிக்காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலையில் 27 டிகிரியில் சரியாக அடித்து வைத்து, மணலில் வெயிலில் விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் காற்று 57 டிகிரிக்குச் சூடாகும்போது அந்தக் கூடுதல் அழுத்தம் 0.32 பார் வரை ஏறிவிடும். ஒன்றரை மடங்குக்கும் மேல். தையலும் பசையும் அந்தச் சுமையைத் தாங்கவேண்டியிருக்கிறது. இதைத் தலைகீழாகப் பார்த்தால் இன்னும் கவலை தரும். உச்சி வெயிலில் சுட்டுக் கிடக்கும் மிதவையில் சரியான அளவு அடித்துவிட்டு உடனே தண்ணீரில் இறக்கினால், காற்று குளிரக் குளிர அழுத்தம் பாதிக்கும் கீழே போகக்கூடும். கரையில் கல்லாக இருந்த மிதவை அலையின் நடுவே வளைகிறது, திருப்பினால் படகு தாமதமாகத்தான் திரும்புகிறது. ஆகவே, நிழலில் அடித்து, தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, அளவுமானியை மறுபடி வைத்துப் பார்ப்பதுதான் முறை. கையால் அமுக்கி, ‘கெட்டியாத்தான் இருக்கு’ என்று சொல்வது அளவு ஆகாது. வால்வின் வாயில் ஒரே ஒரு மணல் பருக்கை உட்கார்ந்துகொண்டாலும் மூடி முழுதாக அமராது. சோப்புத் தண்ணீர் தடவினால் அது சிறு நுரைக் கொப்புளமாக ஊதிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வால்வைவிடச் சிறிய பொருள் ஒன்று உண்டு. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பி வடம் சட்டத்தோடு ஓர் ஊசியால் பூட்டப்படுகிறது. அந்த ஊசி நழுவாமல் தடுப்பது சட்டைப் பொத்தான் அளவே உள்ள எஃகு வளையம். சாவிக்கொத்து வளையம்போல இரண்டு சுற்று. முழுதாகச் சுற்றாமல் பாதியில் விட்டாலும் கரையில் எல்லாம் சரியாகவே தோன்றும். கடலில் பாய் ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்க வடம் தளர்ந்து ஆடும், ஊசி மெல்ல நகரும், பாயை மறுபக்கம் மாற்றும் கணத்தில் மரம் மொத்தமாகச் சாயும். பாயை ஏற்றும் ஆஞ்சான், பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் இரண்டும் சிக்கலின்றி ஓடுகின்றனவா என்பதும் மரத்தை நிறுத்திய உடனே பார்க்க வேண்டியது. அதற்கும் முன்னால் அண்ணாந்து பார்க்க வேண்டும். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டால் பிழைப்பது அரிது. அமெரிக்காவில் ஹோபி நிறுவனம் தன் கேட்டமரான்களின் பாய்மர நுனிப்பகுதியை மின்கடத்தாத கண்ணாடியிழையில் செய்யத் தொடங்கியதற்கு இந்த ஆபத்துதான் காரணம். நம் கடற்கரைச் சாலைகளிலும் குப்பங்களிலும் கம்பி தாழத் தொங்கும் இடங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியாதா?

“நாங்கள் என்ன பெருங்கடலைத் தாண்டவா போகிறோம், கரையோரமாக ஒரு சுற்றுத்தானே” என்பார்கள். கரையோரம் என்பது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்தது. சென்னைக் கரையில் ஆனி, ஆடி மாதக் காலைகளில் மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும். கரையை ஒட்டிய தண்ணீர் அப்போது தட்டையாக, கூப்பிடுவதுபோல இருக்கும். அலை எழுவதற்கு அங்கே இடமே இல்லை. வெளியே போகப் போகத்தான் அதன் பலம் தெரியும். எடை குறைந்த படகு அந்தக் காற்றில் தானாகவே ஆழக்கடலை நோக்கி நகரும். பாய் பழுதாகிவிட்டால் துடுப்பால் எதிர்த்து வருவது பெரும்பாடு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மீது விழும் விசை நான்கு மடங்காகும் என்ற கணக்கையும் சேர்த்துக்கொண்டால், ‘கொஞ்சம் காற்று கூடியிருக்கிறது’ என்ற பேச்சுக்குப் பொருள் மாறிவிடும். கடற்காற்று திரும்பும்வரை கரையில் காத்திருப்பதை அந்தக் கரையின் மீனவர் யாரிடம் கேட்டாலும் சொல்லித்தருவார்.

“இது மூழ்காது” என்பது அடுத்த வாதம். உண்மைதான். பல அறைகளாகப் பிரித்த மிதவை ஓரிடத்தில் கிழிந்தாலும் மிதக்கும். ஆனால் மூழ்காத படகு கவிழும். கவிழ்ந்த படகு காற்றில் ஓடும், நீந்துபவரால் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில். படகு மிதக்கிறதா என்பதைவிட நாம் அதோடு இருக்கிறோமா என்பதே பெரிய கேள்வி. மிதவைச் சட்டையைப் பையில் வைத்திருப்பதால் பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். நிமிர்த்துவதற்கான கயிறு சட்டத்தில் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்க வேண்டும். நீர்புகா உறையில் கைபேசி, அதில் கடலோரக் காவல்படையின் 1554. ஐரோப்பிய விதிப்படி விற்கும் படகுகளில் ஒரு சிறு தகட்டில் வகை எழுத்து இருக்கும். ‘டி’ என்றால் காற்றுவேக அளவுகோலில் நான்காம் நிலைக் காற்றும் ஓரடி உயர அலையும்தான் அதன் எல்லை. நம் திறந்த கடலில் சாதாரண நாளிலேயே அலை அதைத் தாண்டும் என்பதால், ‘டி’ எழுத்துப் படகுக்கு ஏரியும் உப்பங்கழியும்தான் ஏற்ற இடம்.

பராமரிப்பும் இந்தக் கட்டுதலின் மறுபாதியே. நல்ல தண்ணீரில் கழுவாமல் மடித்தால் உப்புப் படிகமும் மணலும் மடிப்புக்குள் உப்புத்தாள் போலத் துணியைத் தேய்க்கும். அலுமினியமும் எஃகும் உப்பு ஈரத்தில் ஒட்டியே கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும், குழாய் இணைப்பு இறுகிப் பிரிக்க வராமல் போகும். ஒட்டுப் போட்டால் ஒரு நாள் முழுக்க விட வேண்டும். ஒரு மணி நேரத்தில் காற்றடித்தால் ஒட்டு கடலில்தான் பிரியும். இவ்வளவும் செய்தால் விளையாட்டின் மகிழ்ச்சி எங்கே என்று கேட்பது நியாயம்தான். எளிது என்று சொல்லித்தானே விற்கிறார்கள்? அதனால்தான் பொறுப்பை வாங்குபவர் தலையில் மட்டும் போட எனக்கு மனமில்லை. பெட்டியோடு ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவது போதாது. விற்பவர் ஓர் அரைநாள் ஒதுக்கி, ஏதாவது ஒரு ஏரிக்கரையில் வாங்குபவர் கையாலேயே படகைப் பூட்ட வைத்து, தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்க்க வைத்து, அவரே நிமிர்த்தி ஏறி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் ரசீதில் கையெழுத்திட வேண்டும்.