முதலில் டாக்டர், பிறகு குட்டி

2003-இல் ஹட்ச் செல்பேசி நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று தொலைக்காட்சியில் வந்தது. ஒரு சின்னப் பையன் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு பக் நாயும் போகும். கதை அவ்வளவுதான். அவர்கள் விற்க வந்தது செல்பேசி இணைப்பு. கூடவே விற்றுப்போனது நாய். அதுவரை பெரும்பாலும் நாய்க் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கே தெரிந்திருந்த அந்தச் சப்பை மூக்கு நாயை, 'ஹட்ச் நாய் இருக்கா?' என்றே கேட்டு வாங்கினார்கள். 2007-இல் நிறுவனம் வோடஃபோன் ஆனது. பழைய பெயர் போன பிறகும் நாய் மட்டும் தங்கிவிட்டது. ஏன் இந்த நாய் என்று வாங்கியவர்களிடம் கேட்டால் காரணம் தயாராக இருக்கும்: சின்ன உருவம், அடுக்குமாடி வீட்டுக்குத் தோது, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், அதிகம் குரைக்காது. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் இதே குணங்கள் இதே நாயிடம் 2002-இலும் இருந்தன. அப்போது யாரும் தேடிப் போகவில்லையே? இன்ன இன நாய்தான் வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் பார்த்ததிலிருந்து வருகிறது. காரணங்களை அதன்பிறகு சேர்த்துக்கொள்கிறோம்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. எந்த இனத்தில் எத்தனை நாய்கள் பதிவாயின என்று அமெரிக்கன் கென்னல் கிளப் பல பத்தாண்டுகளாகக் குறித்துவருகிறது. ஹால் ஹெர்சாக் என்ற உளவியல் பேராசிரியரும், ஸ்டெஃபானோ கிர்லாண்டா, ஆல்பர்ட்டோ அசெர்பி ஆகிய ஆய்வாளர்களும் அந்தப் பதிவேட்டைக் குடைந்து பார்த்தார்கள். டிஸ்னியின் '101 டால்மேஷன்ஸ்' படம் 1985-இல் மறுபடி திரைக்கு வந்தபோது ஆண்டுக்குச் சுமார் 8,000 டால்மேஷன்கள் பதிவாகிக்கொண்டிருந்தன. 1993-இல் அது 42,000-ஐத் தாண்டியது. ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்தது. 1996-இல் அதே கதை நிஜ நாய்களை வைத்துப் படமாக வந்தும் சரிவு நிற்கவில்லை. நாய் நடித்த ஒரு படத்தின் தாக்கம் பத்தாண்டு வரைகூட நீடிக்கிறது என்று இவர்கள் 2014-இல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இவர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் கசப்பானது. நல்ல குணம், நீண்ட ஆயுள், குறைந்த நோய் உள்ள இனம்தானே மக்களிடம் பரவ வேண்டும்? அப்படி ஒரு தொடர்பே தென்படவில்லை. சொல்லப்போனால், அதிகம் விரும்பப்பட்ட இனங்களில்தான் பரம்பரை நோய்கள் கூடுதலாக இருந்தன. 31 ஆண்டுகள் அசையாமல் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரை 2022-இல் அமெரிக்காவில் கீழே இறக்கியது பிரெஞ்சு புல்டாக். அதுவும் பக்கைப் போல மூச்சுக்குத் திணறும் ஒரு சப்பை மூக்குதான்.

ரசனையைப் பார்த்துக் காப்பியடித்தால் என்ன, சட்டையும் செல்பேசியும் அப்படித்தானே வாங்குகிறோம் என்று கேட்கலாம். சட்டைக்கு மூச்சு முட்டாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பக்கின் முகத்தைப் பல தலைமுறைகளாக உள்ளே தள்ளிக்கொண்டே வந்ததில் எலும்புதான் குறுகியது. உள்ளிருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. நாசித் துவாரம் வெறும் கீறலாகிவிட்டது. மேலண்ணத்தின் மென்பகுதி நீண்டு தொண்டையை அடைக்கிறது. வாயில் பொம்மையைக் கவ்வியபடி தூங்கும் பக்கைப் படம் பிடித்துப் போட்டால் ஆயிரம் பேர் 'சோ க்யூட்' என்கிறார்கள். மூச்சடைப்பு முற்றிய நிலையில் இருக்கும் சில நாய்கள் அப்படித் தூங்குவது, வாய் திறந்திருந்தால்தான் காற்று உள்ளே போகும் என்பதால். லண்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் 2022-இல், உடல்நலத்தைப் பொறுத்தவரை பக்கைச் சராசரி நாயாகவே இனிக் கருத முடியாது என்று எழுதினார்கள். அவ்வளவு குளிரான ஊரிலேயே அந்தக் கதி. சென்னையின் மே மாதத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரைப் பார்த்துவிட்டு, அதில் வரும் ஓநாயைப் போல இருக்கிறது என்று பனிநாட்டு ஹஸ்கியை வாங்கி ஏசி அறைக்குள் அடைத்து வைப்பதும் இந்த வகைதான். அந்தத் தொடரில் நடித்த பீட்டர் டிங்க்லேஜே 2017-இல் 'தயவுசெய்து வாங்காதீர்கள்' என்று கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது.

'எங்கள் நாய் நன்றாகத்தானே இருக்கிறது, நாங்கள் அதை உயிராகப் பார்த்துக்கொள்கிறோம்' என்பது அடுத்த பதில். அந்த அன்பை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அன்பு நல்ல சாட்சி அல்ல. அதே காலேஜில் 2012-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், மூச்சடைப்பின் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்த நாய்களின் சொந்தக்காரர்களில் 58 சதவீதம் பேர் தம் நாய்க்கு மூச்சுப் பிரச்சினையே இல்லை என்றார்கள். குறட்டையும் இரைப்பும் 'இந்த இனத்துக்கு அப்படித்தான்' என்று அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. சப்பை மூக்கு நாய்களை வளர்ப்பவர்களில் 93 சதவீதம் பேர் மறுபடியும் அதே இனத்தைத்தான் வாங்குவோம் என்று பின்னாளில் இன்னொரு ஆய்வில் சொன்னார்கள். இதைத் திருப்திக்கான சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. என் கணக்கில் அது அந்த வீட்டு நாயின் மேல் உள்ள பாசத்துக்குச் சான்று. தேர்வு சரியானது என்பதற்கு அல்ல. எந்த நாயைக் கொண்டுவந்தாலும் மூன்று மாதத்தில் நாம் உருகிவிடுவோம். அப்புறம் அந்த உருக்கத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு அடுத்த நாயை வாங்கப் புறப்படுகிறோம்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இனம் என்பது வெறும் முகவெட்டு இல்லை, குணமும் அதிலேயே வருகிறது, ஆகவே இனம் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது. இதில் பாதி உண்மை. எவ்வளவு வளரும், எவ்வளவு முடி கொட்டும், எவ்வளவு ஓட வேண்டும் என்பதை இனம் ஓரளவு சொல்லிவிடும். மீதி? 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு 18,000-க்கும் அதிகமான நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது சுமார் 9 சதவீதம்தான் என்று கண்டது. மீதியை, தாய் எப்படிப்பட்டது, முதல் இரண்டு மூன்று மாதம் குட்டி எங்கே யாரோடு வளர்ந்தது, வீட்டில் எப்படிப் பழக்கினார்கள் என்பதில் தேட வேண்டும். 'லேப் என்றால் சாது' என்று நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு, இனத்தின் பெயரைக் கேட்டே பயப்படுகிறவர்களும் உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டுத் தடை செய்யச் சொன்னதும் அந்த நம்பிக்கையில்தான். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது.

சீமை நாய் வேண்டாம், நம் நாட்டு நாயை வாங்குங்கள் என்பது இப்போதைய முழக்கம். அது நல்ல எண்ணம். இந்த வெயிலும் மண்ணும் அவற்றுக்குப் பழக்கம். ஆனால் இதிலும் மோகம் புகுந்துவிட்டது. 2005-இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னார். குட்டி கேட்டு விசாரிப்பும் கூடியது. ராஜபாளையம் வாங்க வருகிறவர் கேட்பது பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும். அந்த வெள்ளைதான் சிக்கல். தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடும். ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் அடிக்கடி பிறப்பதும், டால்மேஷனில் பிறப்பதும் இப்படித்தான். கையைத் தட்டிச் சோதித்தால் தெரியாது. ஒரு காது மட்டும் கேட்கிற குட்டியும் திரும்பிப் பார்த்துவிடும். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய்கள். முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம்; ஓடப் பிறந்த அந்தக் கால்களை இரண்டு படுக்கையறை வீட்டுப் பால்கனியில் சங்கிலி போட்டுக் கட்டுவதற்குச் சுதேசிப் பற்று என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தெருவில் பிறந்த கலப்புக் குட்டியை எடுத்து வளர்க்கலாமே என்றால், அதற்கு 'பேப்பர்' இல்லை என்கிறார்கள். கென்னல் கிளப் சான்றிதழ் பரம்பரையைச் சொல்லும். காது கேட்கிறதா, மூச்சு வருகிறதா என்று சொல்லாது.

ஆகவே நாய் வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். குட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், தினம் எத்தனை மணி நேரம் வெளியே கூட்டிப்போக முடியும், ஏசி இல்லாத வீடா என்பதைச் சொல்லி, எந்த நாய் என்று அவரிடம் கேளுங்கள். அதே இனத்தில் ஐந்தாறு வயதான நாய் எந்தக் கோளாறோடு தன்னிடம் வருகிறது என்றும் கேளுங்கள். பிறகு விற்பவரிடம் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.