ஸ்டூவர்டுகளின் விசாரணை



தென்காசியிலும் குற்றாலத்திலும் குதிரைப் பந்தயத் திடல் கிடையாது. பொதிகை விரைவு வண்டியில் ஓர் இரவு முழுவதும் பயணம் செய்த பின்னரே சென்னையை அடைகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டு முதல் குதிரைகள் ஓடிய அந்நகரின் கிண்டித் திடலும், 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை இரத்துச் செய்தபின் அரசின் கைக்குச் சென்றது. ஆதலின் நம் பங்குக் குடும்பங்களுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். வணிகத்தின் பொருட்டும் வேலையின் பொருட்டும் நம்மவர் பல பெருநகரங்களுக்குப் போய் வருகின்றனர். போகும்போது பையில் இருந்த பணம் திரும்பி வரும்போது இல்லாமற்போவதும் உண்டு.

நம் பகுதி மக்களுக்குப் பந்தயம் என்றதும் மாட்டுவண்டிப் பந்தயமே நினைவுக்கு வரும். எல்லையை முதலில் தொட்டது எந்த வண்டி, வழியில் எவர் எவரை மறித்தார் என்னும் பூசல் எழாத பந்தயம் அரிது. பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்வர். தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டே மாடுகளை ஓட்டிச் செல்வார். குதிரைப் பந்தயத்திலும் இதே பூசல் உண்டு. ஆனால் அங்கே மிகுதியாகக் கொதித்தெழுபவர், அந்தக் குதிரையை ஒருமுறையேனும் தொட்டுப் பார்த்திராத, அதன்மீது பணம் மட்டும் கட்டிய மனிதர்.

அத்தகைய ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். சிறு வணிகர், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர். அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டா. சரக்கு வாங்கப் போன பெருநகரம் ஒன்றில் நண்பர்களோடு பந்தயத் திடலுக்குச் சென்றிருக்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த தொகையை ஒரு குதிரையின்மீது கட்டியிருக்கிறார். குதிரையும் முதலாவதாக வந்துவிட்டது. ஆனால் இரண்டாவதாக வந்த குதிரையின் ஜாக்கி, தன் வழி மறிக்கப்பட்டதாக ஆட்சேபம் எழுப்பினார். ஸ்டூவர்டுகள் எனப்படும் பந்தய அதிகாரிகள் விசாரணை நடத்தி, முதற்குதிரையை இரண்டாம் இடத்துக்கு இறக்கினர்.

"சாமி, இது பகற்கொள்ளை. ஊரே பார்க்க என் குதிரைதான் முதலில் வந்தது. நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்து மாற்றிவிட்டார்கள். கேட்பதற்கு ஆளே இல்லையா?" என்று அவர் குரல் தழுதழுக்கக் கேட்டார்.

அவருடைய சினத்தை நான் எள்ளி நகையாடவில்லை. விளையாட்டில் வஞ்சகம் செய்வது கனமான பாவம் என்று திருச்சபையே போதிக்கிறது. இலஞ்சம் வாங்கித் தீர்ப்பை மாற்றும் நடுவர் திருடரே. வஞ்சகமற்ற நடுவரும் தவறக்கூடும். இங்கிலாந்தில் 1993 ஏப்ரல் 3 அன்று நடந்த 'கிராண்ட் நேஷனல்' பந்தயத்தை நினைவுகூரலாம். தொடக்கம் பிழையாகிவிட்டது. குதிரைகளைத் திரும்ப அழைக்கும் சைகை ஓடுவோருக்கு எட்டவில்லை. 39 குதிரைகளுள் 30 ஓடத் தொடங்கின; ஏழு குதிரைகள் நெடிய ஓட்டம் முழுவதையும் ஓடி முடித்தன. இறுதியில் பந்தயமே செல்லாது என்று அறிவித்து, கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் புகழ்பெற்ற 'கென்டக்கி டெர்பி' பந்தயத்தில் 2019ஆம் ஆண்டு நடந்தது இன்னும் கசப்பானது. 'மேக்சிமம் செக்யூரிட்டி' என்னும் குதிரை முதலில் வந்தது. பிற குதிரைகளின் வழியில் குறுக்கிட்டதாக ஆட்சேபம் எழவே, அதிகாரிகள் ஏறத்தாழ 22 நிமிடங்கள் படச்சுருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தனர். ஜாக்கிகளையும் வினவினர். பின்னர் அக்குதிரையைப் பதினேழாம் இடத்துக்குத் தள்ளி, எவரும் பெரிதாக எண்ணாத 'கன்ட்ரி ஹவுஸ்' என்னும் குதிரைக்கு வெற்றியை வழங்கினர். உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பில் தலையிட மறுத்துவிட்டது. பந்தயத்தில் பணம் கட்டுகிறவர், தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தையும் சேர்த்தே பிறர் கையில் ஒப்படைக்கிறார்.

இவற்றையெல்லாம் அவரிடம் எடுத்துரைத்தபின் சில வினாக்கள் கேட்டேன்.

"உம் குதிரையை ஓட்டிய ஜாக்கியை அழைத்துக் கேட்டார்களா?"

"கேட்டார்கள், சாமி."

"எதிர்த்தரப்பையும் கேட்டார்களா? படம் பார்த்தார்களா?"

"பார்த்தார்கள். கால்மணி நேரம் ஆயிற்று."

"மகளின் கட்டணப் பணத்தை எடுத்துக் கட்டுவதென்று நீர் தீர்ப்புச் செய்தீரே, அதற்கு எத்தனை நேரம் ஆயிற்று? உம் மனைவியைக் கேட்டீரா? மகளைக் கேட்டீரா?"

அவர் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "சாமி, குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே" என்றார்.

அது உண்மையே. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு பல்லாண்டுகள் நீடித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் ஆகியவற்றை ஆய்ந்து மதிப்பிடுவது திறமையைச் சார்ந்ததே என்று 1996 சனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்கலாகாது என்பதே நீதிமன்றத்தின் முன் இருந்த வினா. ஒரு தந்தை எந்தப் பணத்தைக் கட்டலாம் என்னும் வினா அங்கே எழவேயில்லை. அந்த வினாவுக்குத் திருச்சபை விடை தருகிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2413ஆம் எண்ணில், பந்தயமும் வாய்ப்பு விளையாட்டும் தம்மளவில் நீதிக்கு மாறானவை அல்ல என்று ஒப்புக்கொள்கிறது. தனக்கும் தன்னைச் சார்ந்தோருக்கும் இன்றியமையாத பொருளை அவை பறிக்கும்போது அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன என்றும், அந்த வேட்கை மனிதரை அடிமையாக்கிவிடும் என்றும் எச்சரிக்கிறது.

வாசகர்களே, இங்கே சற்று நிதானித்துப் பாருங்கள். பந்தயத் திடலில் ஒரு குதிரையை ஓரிடம் கீழே இறக்குவதற்கு விதிமுறை உண்டு. இரு தரப்பும் கேட்கப்படும். படம் பார்க்கப்படும். தீர்ப்பு உறுதியாகும்வரை எவருக்கும் பணம் வழங்கப்படாது. நம் வீடுகளிலோ, ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்பை ஒரே நொடியில் கீழே இறக்கிவிடுகிறோம். ஆட்சேபம் எழுப்பக்கூடியவர்களுக்குச் செய்தியே சொல்லப்படுவதில்லை. தனக்கு நீதி கிடைக்கவில்லை என்று நெஞ்சில் அடித்துக்கொண்ட அந்த நண்பர், தம் மனைவிக்கு மறுத்ததும் அதே நீதியைத்தான். ஸ்டூவர்டுகள் தவறினார்களா என்பது நானோ நீங்களோ முடிவு செய்யக்கூடியதன்று. அவர்கள் முற்றிலும் சரியான தீர்ப்பு அளித்திருந்து, குதிரையும் வென்று, பணம் பன்மடங்காகத் திரும்பியிருந்தாலுங்கூட, அந்தப் பணத்தைக் கட்டியது அநீதியே. வள்ளுவப் பெருந்தகை 'சூது' என ஓர் அதிகாரமே வகுத்து, அதில் வெற்றியையே மீனைப் பிடிக்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டது இதனால்தான். முதல் வெற்றி அடுத்த பந்தயத்துக்கு இழுத்துச் செல்லும்.

குதிரைப் பந்தயம் எமக்கில்லை என்று எஞ்சியோர் ஆறுதல் கொள்ள வேண்டாம். தமிழகத்தில் 2003 சனவரியில் பரிசுச் சீட்டு தடை செய்யப்பட்டது. ஆனால் செங்கோட்டையையும் புளியரையையும் கடந்தால் கேரள எல்லை. அங்கே அரசே சீட்டு விற்கிறது. அங்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர், அன்றைய கூலியில் எவ்வளவைச் சீட்டாகக் கொண்டுவருகிறார் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். பங்குத் திருவிழாவில் ஒரு குலுக்கல் சீட்டு வாங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவருக்கும் மேற்சொன்ன அளவுகோலே விடை: போனால் வீட்டில் எவருக்கும் எதுவும் குறையாத சிறு தொகையா, அல்லது அரிசிக்கும் மருந்துக்கும் கட்டணத்துக்கும் உரியதா?

விழுந்தவர் எழ முடியாது என்று எண்ண வேண்டாம். ஜூலை 14ஆம் நாள், குற்றாலத்தில் சாரல் பொழியும் காலத்தில், நாம் நினைவுகூரும் புனித கமில்லஸ் தெ லெல்லிஸ், போர்வீரராய் இருந்தபோது சூதாட்டத்துக்கு அடிமையானவர். 1574இல் நேப்பிள்ஸ் நகரில் உடுத்திய சட்டைவரை இழந்தார். கூலி வேலை தேடி கப்புச்சின் துறவிகளின் மடத்தைச் சேர்ந்தார். 1575 பிப்ரவரி 2 அன்று மனம் மாறினார். பின்னாளில் நோயாளரைப் பேணும் துறவற சபையை நிறுவினார். 1746இல் புனிதராக உயர்த்தப்பட்டார். இழந்த பணத்தை மீண்டும் ஆடி மீட்க வேண்டும் என்னும் எண்ணத்தை விட்டு, கிடைத்த வேலையை ஏற்றுக்கொண்ட நாளில் அவருடைய மீட்பு தொடங்கிற்று.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இது. இழந்ததை மீட்க இன்னொருமுறை பணம் கட்டாதீர்கள். கந்து வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். இன்றிரவு செபமாலை முடிந்தபின், உள்ள கணக்கை உள்ளபடி மனைவியிடம் சொல்லுங்கள். மனைவியரே, அந்த வேளையில் சினம் எழுவது இயல்பே. ஆயினும் உண்மை சொன்னவரைத் தெருவறிய நாணச் செய்துவிடாதீர்கள். பணப்பெட்டியின் சாவி சில காலம் உங்களிடமே இருக்கட்டும். பிள்ளையின் கட்டணத்துக்கு வழியில்லாதோர் தயங்காமல் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரை அணுகுங்கள்.

புனித பவுல் அடிகளாரும் தம் வாழ்வை ஓர் ஓட்டத்துக்கு ஒப்பிட்டார். முடிவில் தமக்கு வெற்றிவாகை சூட்டப்போகிற ஆண்டவரை நீதியுள்ள நடுவர் என்று அழைத்தார். அந்த நடுவர் முன் நாம் நிற்கும்போது நம் மனைவி மக்களும் அங்கே இருப்பார்கள். அவர்கள் சொல்வதும் கேட்கப்படும். அதுவரை காத்திராமல், அவர்கள் சொல்வதை இன்றே கேட்போம். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.