யோசனைக்குக் கூலி உண்டா?

நம்மவர்களிடம் ஒரு விசித்திரமான குணம் இருக்கிறது. கையில் ஒரு சாமான் வந்து விழுந்தால்தான் காசை எடுப்போம். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, இரண்டு நாள் மோர் குடியுங்கள்" என்று சொன்னால் அவருக்குத் தொழில் தெரியாது என்போம். நாலு வர்ணத்தில் மாத்திரை எழுதிக் கொடுப்பவர்தான் கைராசிக்காரர். மோட்டார் வைத்தியத்திலும் இதே கூத்துதான் நடக்கிறது. கூத்தாடிகளில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் இருபத்துநாலு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பிரயாணிகள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நகர வழியில்லாமல் அகப்பட்டுக்கொண்டார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துத் தெருக்களில் தாமிரவருணி வீடு வீடாக விசாரித்துக்கொண்டு போனாள். என் வாசலில் நின்ற காருக்குள் இருக்கை மட்டத்துக்கு வந்து ஒன்றரை நாள் தங்கினாள். அப்புறம் ஸீட்டைக் காயவைத்து, எண்ணெய் மாற்றி, கழுவித் துடைத்ததில் வண்டி ஓடிற்று. "வெள்ளத்துக்குத் தப்பிய வண்டி" என்று பெருமையாகக் கூடச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சித்திரையில் ஒரு நாள் காலை சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹார்ன் தெருவையே எழுப்புகிறது, எஞ்சின் மட்டும் மௌன விரதம். நாலாவது தடவை திருப்பியபோது ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிட்டது. இப்படி வாரத்தில் ஒரு நாள், பிறகு பத்து நாள் கழித்து ஒரு நாள்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு இளைஞர் பானெட்டைத் தூக்கினார். "பேட்டரி போயிட்டு அண்ணாச்சி, மாத்திருவோம்" என்றார். ஆறாயிரம் ரூபாய். ஒன்றரை மாதம் வண்டி ஒழுங்காக ஓடிற்று, மறுபடியும் 'டக்'. இரண்டாவது இடத்தில் செல்ஃப் மோட்டாரை மாற்றினார்கள், எட்டாயிரம். ஒரு மாதம் ஓடிற்று, மறுபடியும் 'டக்'. மூன்றாவது இடத்தில் ஒரு பெட்டியைச் செருகிப் பார்த்தார்கள். பெட்டி, மின்சாரம் குறைகிறது என்று மட்டும் சொல்லிற்று. எங்கே குறைகிறது என்று அதற்குத் தெரியாது. அந்த இடத்தில் அதற்குக் கண் வைக்கவில்லை. ஆனாலும் வண்டியின் கம்ப்யூட்டரையே மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு தொகை சொன்னார்கள். அதை இங்கே எழுதினால் எனக்கே மயக்கம் வரும்.

இந்த லட்சணத்தில்தான் ஆவணி மாதம் ஒரு ராத்திரி, சேரன்மகாதேவியில் அத்தைக்கு மார்வலி கண்டது. "மாப்ளே, சீக்கிரம் வண்டிய எடு" என்று மாமா கத்துகிறார். நான் சாவியைத் திருப்புகிறேன், 'டக்'. மறுபடி திருப்புகிறேன்; 'டக்'. பழைய அம்பாஸடராக இருந்தால் கைப்பிடியைச் செருகிச் சுற்றியாவது பார்த்திருப்பேன். 108-க்குச் சொல்லி, ஆம்புலன்ஸ் வந்து, பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தோம். அத்தை பிழைத்துவிட்டாள். அந்த இருபத்தைந்து நிமிஷம் திண்ணையில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் எந்தக் கதையிலும் எழுதப் போவதில்லை.

பிறகுதான் ஒரு பெரியவரைப் பிடித்தேன். அம்பாஸடர் காலத்திலிருந்து வண்டி பார்ப்பவர். வண்டியைத் தொடவேயில்லை, கேள்விதான் கேட்டார். "டக்குன்னு ஒரே சத்தமா, டகடகன்னு தொடர்ந்து அடிக்கா? இல்ல, சத்தமே இல்லையா? செல்ஃப் சுத்தி எஞ்சின் பிடிக்கலையா? காலையிலயா, வெயில்ல நின்னப்பமா?" டகடகவென்று அடித்தால் பேட்டரியில் சக்தி குறைவு. சத்தமே இல்லாவிட்டால் சாவி ஸ்விட்ச், ரிலே பக்கம். சுற்றியும் பிடிக்காவிட்டால் பெட்ரோல் அல்லது பொறி. 'டக்' என்று ஒன்றோடு நின்றால் மோட்டார் வரைக்கும் போதிய கரண்டு போகவில்லை, அல்லது மோட்டாரே கோளாறு. பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கதாநாயகி மூன்றாம் அத்தியாயத்தில் என்ன தோடு போட்டிருந்தாள் என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறவனுக்கு இது தெரியவில்லை!

"ஓடுத வண்டியில நோவத் தேட முடியாது. படுத்தா படுத்த இடத்துல விட்டுட்டு என்னக் கூப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஐந்தாம் நாள் வீட்டு வாசலிலேயே படுத்தது. பெரியவர் ஒரு மீட்டரோடு மொபெட்டில் வந்தார். பேட்டரியில் 12.6 வோல்ட். என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்தார். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாதாம். ஐந்து வோல்ட் காட்டிற்று. பேட்டரி கொடுப்பதில் ஐந்து வோல்ட்டை எர்த் வயரே வழியில் தின்றுகொண்டிருந்தது. தனியாக ஒரு தடித்த வயரை எடுத்து, பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்குப் பிடித்தார். சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்துக்கொண்டது.

அந்த எர்த் வயரின் முனையைக் கத்தியால் கீறிக் காட்டினார். வெளியே பார்த்தால் புத்தம் புதுசு. உள்ளே செம்பு இழையெல்லாம் பச்சைப் பொடி. வெள்ளத் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இழைகளுக்குள் ஏறி, மாதக்கணக்கில் அரித்திருக்கிறது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது 0.03 ஓம் தடை இருந்தாலே நாலரை வோல்ட் போய்விடும். ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர்தான். அதே தடை அதனிடம் பிடுங்குவது 0.3 வோல்ட். விளக்கு பிரகாசமாக எரிந்த ரகசியம் இதுதான். பேட்டரி மாற்றியபோது வயரின் ஒரு முனையை ஆட்டிவிட்டார்கள், செல்ஃப் மாற்றியபோது மறுமுனை போல்ட்டைக் கழற்றி முடுக்கினார்கள். அறுந்த இழைகள் சில ஒட்டிக்கொண்டு சில வாரம் உயிர் கொடுத்தன. பதினாலாயிரம் ரூபாய்க்கு நான் வாங்கியது அந்த ஆட்டத்தைத்தான்.

வயருக்கு 450 ரூபாய், பார்த்ததற்கு 500 என்றார் பெரியவர். இனி நான் சொல்லப் போவது வெட்கக்கேடு. "வயர் மாட்ட அஞ்சு நிமிஷம்தானே ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன்! "மாட்டினதுக்கு நான் துட்டு கேக்கலையே அண்ணாச்சி" என்றார் அவர்.

மறுநாள் முதல் ஒர்க்‌ஷாப் இளைஞரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மீட்டர் எங்கிட்டயும் கெடக்கு. ஒரு மணி நேரம் பாத்துட்டு இதுதான் நோவுன்னா, பாத்ததுக்கா காசும்பீங்க. பேட்டரி வித்தா எனக்கு நாலு காசு நிக்கும்."

இதற்கு என்ன பதில் சொல்வது? பாதி நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் மீதிப் பாதியை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மீட்டரைத் தொடாமல் ஊகித்தவர், ஊகம் தப்பானால் அந்தச் செலவை ஏன் என் தலையில் கட்ட வேண்டும்? பில்லில் 'பேட்டரி ஒன்று' என்று எழுதுகிறவர், அதற்கு மேல் வரியில் 'பழைய பேட்டரி இத்தனை வோல்ட், சாவி திருப்பும்போது இத்தனை' என்றும் எழுதட்டும். எழுத முடியாவிட்டால் அந்தச் சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். அளந்து பார்த்து எழுதுகிறவருக்கு, சாமானே விற்காவிட்டாலும், நாமும் முணுமுணுக்காமல் கூலி கொடுப்போம். ஜவுளிக் கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிற நமக்கு இது முடியாத காரியமா?

பெரியவர் ஐப்பசி மழைக்கு முன்னால் மற்ற எர்த் முனைகளையும் அளந்து பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்நூறு ரூபாயைக் கவரில் போட்டு மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். அத்தைக்கு மட்டும் இன்னும் என் காரில் ஏறத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில்தான் வந்து போகிறாள்.