வாழையைச் சாய்க்கும் காற்றுக்கும் காப்பீடு வேண்டும்

2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் மைனாகுரியைச் சில நிமிடச் சூறாவளி சிதைத்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. மதுரையைச் சுற்றிய சமவெளியில் அப்படியொரு சுழல்காற்று அபூர்வம். ஆனால் சித்திரை, வைகாசியில் இடிமழைக்கு முன்னால் பாயும் சூறைக்காற்று அபூர்வமல்ல. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் வைகைப் பாசனத்தில் நிற்கும் வாழைக்கு அதுவே போதும். வாழைத்தண்டில் கட்டை கிடையாது, ஒன்றையொன்று சுற்றிய மட்டைகள்தான். தார் முற்றி எடை ஏறிய நேரத்தில்தான் அது எளிதாக முறியும். ஓராண்டு உழைப்பும் கடனும் கால் மணி நேரத்தில் போய்விடும்.

2016இல் வந்த பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டம் ஆலங்கட்டி, நிலச்சரிவு, மேகவெடிப்பு போன்றவற்றுக்குத் தனித்தனி வயலைப் பார்த்து இழப்பீடு தருகிறது. அந்த உள்ளூர்ப் பேரிடர்ப் பட்டியலில் காற்றையும் சேர்க்க வேண்டும். வட்டாரச் சராசரி மகசூலை வைத்துக் கணக்கிட்டால், ஒரு ஊரை மட்டும் அடித்த காற்று அதில் கரைந்துபோகிறது. பொய்க் கணக்கு பெருகும் என்பார்கள். ஒரே திசையில் படுத்துக் கிடக்கும் தோட்டத்தை யாராலும் ஜோடிக்க முடியாது. ஆலங்கட்டிச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியே காற்றுக்கும் போதும். சவுக்குக் கம்பு முட்டுக் கொடுக்கலாமே என்பதும் நியாயமான கேள்விதான். கொடுக்கத்தான் செய்கிறார்கள். பலத்த காற்றில் கம்போடு சேர்ந்தே மரமும் சாய்கிறது.