பரிதாபம் வேண்டாம், புஸ்தகம் கொடுங்கள்!

இங்கிலாந்து தேசத்து வாசகசாலைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு புஸ்தகத்தைத் தேர்ந்தெடுத்து, அவரவர் வீட்டில் படித்துவிட்டு, ஒரு நாள் கூடி உட்கார்ந்து அதைப்பற்றி விவாதிப்பார்கள். அங்கு உபந்நியாசம் செய்ய ஒரு சாஸ்திரி கிடையாது. கேட்டுத் தலையாட்ட ஒரு கூட்டமும் கிடையாது. அப்படிப்பட்ட விவாதத்திற்கு மிகவும் தகுதியான புஸ்தகம், ஜான் ஹல் என்பவர் எழுதி 1990-ல் வெளிவந்த "பாறையைத் தொடுதல்" என்பதாகும்.

ஹல் 1935-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்தவர். 13-வது வயதில் கண்ணில் புரை கண்டது. பிறகு விழித்திரை பிரிந்தது. பல தடவை ஆபரேஷன் செய்தும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 1983-க்குள் வெளிச்சமென்பதே அற்றுப் போயிற்று. அந்த அனுபவங்களை அவர் டேப்பில் பேசிப் பதிந்து வைத்ததே இந்தப் புஸ்தகம். மனைவி மக்களுடைய முகங்கள் ஞாபகத்திலிருந்து அழிந்துகொண்டு வந்ததை அவர் மறைக்கவில்லை. மழை பெய்யும்போது கூரையிலும் செடியிலும் நடைபாதையிலும் அது வெவ்வேறு சத்தமாய் விழுந்து, தோட்டம் முழுவதையும் காதுக்குக் காட்டிக் கொடுத்ததையும் சொல்லுகிறார்.

நிற்க, கண் போனதற்குக் காரணம் என்ன? பூர்வ ஜன்ம வினை என்பான் ஒருவன். பாவத்தின் தண்டனை என்பான் மற்றொருவன். விழித்திரை என்பது கண்ணின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஜவ்வு. அதில் கிழிசல் ஏற்பட்டு, நீர் பின்புறம் புகுந்தால் அது பிரிந்துவிடும். இதில் ஜன்மம் எங்கே வந்தது? பாவம் எங்கே வந்தது? இத்தனைக்கும் ஹல் நாஸ்திகரல்ல. மதக் கல்விப் பேராசிரியர். அவரே பைபிளைக் கண்ணில்லாதவன் நிலையிலிருந்து படித்து 2001-ல் ஒரு புஸ்தகம் எழுதி, குருடு என்பதை அறியாமைக்கும் பாவத்திற்கும் அடையாளமாய் அது பேசுவதை எடுத்துக் காட்டினார். மதவாதியே இதை யோசித்துப் பார்த்தாரென்றால், பகுத்தறிவு பேசுகிறவர்கள் யோசிக்க வேண்டாமா? மூட நம்பிக்கையைக் "குருட்டு நம்பிக்கை" என்று ஏன் சொல்ல வேண்டும்? சாமியாரின் காலில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறவர்கள்தானே!

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். பார்வை போனதும் ஹல்லுக்கு வந்த பெரிய கஷ்டம், தம் வேலைக்கு வேண்டிய புஸ்தகங்களை எப்படிப் படிப்பது என்பதே. இங்கிலாந்தில் 1935 முதலே "பேசும் புஸ்தகம்" உண்டு. ஆனால் ஆராய்ச்சி நூல்கள் அதில் கிடைப்பது அரிது. ஆட்களைத் திரட்டி, வாசிக்கச் சொல்லி, டேப்பில் பதிய வைத்துத்தான் அவர் தம் வேலையை நடத்தினார். அவருக்குக் குறைந்திருந்தது கண் மாத்திரம், அறிவு அல்ல.

ஆகவே இந்தப் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு வட்டமாய் உட்காருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "ஐயோ பாவம், எப்படித்தான் சகித்தாரோ!" என்பதல்ல. "கண்ணில்லாதவர் ஒருவர் இந்த வட்டத்தில் வந்து உட்கார முடியுமா? அவருக்கு இந்தப் புஸ்தகம் பிரெயில் எழுத்திலோ, ஒலி வடிவிலோ நம் வாசகசாலையில் இருக்கிறதா?" என்பதேயாகும். இல்லையென்றால், ஒருவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே அவனுடைய கஷ்டத்தைப் பற்றி உருக்கமாய்ப் பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சட்டம் குறுக்கே நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. பார்வையற்றோருக்காகப் புஸ்தகங்களை அவர்கள் படிக்கும் வடிவில் மாற்றவும், தேசத்திற்குத் தேசம் அனுப்பவும் இடங்கொடுக்கும் மராகேஷ் உடன்படிக்கை 2013-ல் ஏற்பட்டு, 2016-ல் அமுலுக்கு வந்தது. அதை முதன்முதலில், 2014-லேயே, உறுதி செய்த தேசம் இந்தியாதான். உறுதி செய்வதில் முதல்வராயிருந்தால் போதுமா? தோழர்களே, உங்கள் ஊர் வாசகசாலைக்குப் போய், கண்ணில்லாதவர் படிக்க இங்கு எத்தனை புஸ்தகம் இருக்கிறதென்று கேளுங்கள். பதில் இல்லையானால், இருக்கும்வரை கேளுங்கள். தருமம் செய்யும்படி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. படிப்பது மனிதனுடைய உரிமை.