பள்ளி முற்றம்: அரையாண்டுத் தேர்வும் குடில் கட்டும் நாள்களும்



இவ்விதழ் உங்கள் இல்லத்தை வந்தடையும் வேளையில், ஆலயத்தில் திருவருகைக் காலத்தின் மெழுகுதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்பட்டுக்கொண்டிருக்கும். நம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலோ அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இத்தேர்வு பெரும்பாலும் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தொடங்கி, 23ஆம் தேதியை ஒட்டி முடிகிறது. அடுத்த நாள் முதல் விடுமுறை. ஆகவே நம் பிள்ளைகளுள் பலர் கடைசி வினாத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேரே குடில் கட்ட வருகின்றனர். விடைத்தாள்கள் பெரும்பாலும் சனவரியில் பள்ளி திறந்த பிறகே கைக்குக் கிடைக்கும். இடைப்பட்ட அந்தப் பத்து நாள்களும் சில பிள்ளைகளுக்கு விழா நாள்கள். சிலருக்கோ தீர்ப்பை எதிர்நோக்கும் நாள்கள். இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பயில்வோர்க்கு அரையாண்டுத் தேர்வு சற்றுக் கடினமானது என்பதை மறுப்பதற்கில்லை. பாடப்பகுதி ஏறக்குறைய முழுவதையும் ஒரே தேர்வில் அவர்கள் முதன்முறையாகச் சந்திப்பது இங்கேதான். இதற்குப் பின் திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, மார்ச்சு மாதத்தில் பொதுத்தேர்வு என்று நாள்கள் விரைந்தோடிவிடும். அதனால்தான் ஆசிரியர்களாகிய நாங்களும், "அரையாண்டில் வாங்குவதுதான் பொதுத்தேர்விலும் கிடைக்கும்" என்று பிள்ளைகளை அச்சுறுத்தி வந்திருக்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அது உண்மையன்று. டிசம்பரில் தேறாமல் மார்ச்சில் தேறிய பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன்.

நான் செய்த பிழை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தூத்துக்குடிக் கடலோரத்தில் ஒரு பள்ளியில், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியனாக இருந்தேன். வயது இருபத்தெட்டு. நவம்பர் மாதத் தேர்வின் மதிப்பெண் அட்டைகளைத் (அக்காலத்தில் எல்லாரும் ராங்கு கார்டு என்றே சொல்வோம்) தந்தையாரின் கையொப்பம் பெற்றுவரும்படி கொடுத்திருந்தேன். திரும்பி வந்தவற்றுள் ஒன்றில் இருந்த கையொப்பம் அந்த மாணவனின் எழுத்தே என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஆகஸ்டில் எண்பது வாங்கியிருந்தவன், நவம்பரில் இருபத்தொன்பது வாங்கியிருந்தான். அந்த எண்ணின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டவனும் நானே. வகுப்பு முழுவதும் பார்க்க அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். "நாளைக்கு அப்பாவோடு வா. இல்லாவிட்டால் பரீட்சை அறைக்குள் கால் வைக்காதே" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அன்று அந்தப் பேசாமையைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அரையாண்டுத் தேர்வு தொடங்கியது. அவனுடைய இடம் காலியாக இருந்தது. அடுத்த நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள், கொட்டும் மழையில் சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவன் தாய் பள்ளிக்கு வந்தார். மகன் இரண்டு இரவுகளாக வீட்டுக்கு வரவில்லை என்றார். கையொப்பத்தைப் பற்றி நான் சொன்னபோது அந்த அம்மாள் சொன்ன விடை இன்றும் என் செவியில் இருக்கிறது: "வாத்தியாரய்யா, அவங்க அப்பா மதுரைப் பக்கம் கட்டட வேலைக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. எங்க வீட்ல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

அவர்கள் உப்பளத் தொழிலாளர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்புப் பாத்திகளில் மழைநீர் நிறைந்து, வேலை அடியோடு நின்றுபோகும். புத்தாண்டு பிறந்து பாத்திகளைச் சீர்செய்து, மீண்டும் உப்பு வாரும் வரையில் கூலி இல்லை. (இப்போது அரசு உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்குகிறது, அந்நாளில் அதுவும் கிடையாது.) தந்தை ஊரை விட்டுப் போனபின், மகன் பள்ளி விட்டதும் ஒரு பரோட்டாக் கடையில் இரவு பதினொரு மணி வரை இலை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். எண்பது இருபத்தொன்பதான கணக்கு அவ்வளவுதான். கணக்கு ஆசிரியனாகிய எனக்கு அது விளங்கவில்லை.

தந்தையைத் தேடிக் கையில் இருந்த காசுக்குப் பேருந்து ஏறிய அவன், நான்காம் நாள் அவரோடு வீடு திரும்பினான். அந்த இரவுகளில் அவனுக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் என்று நினைக்கையில், இந்த வயதிலும் என் கை நடுங்குகிறது. தலைமையாசிரியரின் இசைவோடு, விட்டுப்போன தாள்களைச் சனவரியில் அவனுக்குத் தனியே வைத்தோம், கணக்கில் அறுபத்தொன்று வாங்கினான், பொதுத்தேர்விலும் தேறினான். ஆயினும் பள்ளியை விட்டுச் செல்லும் வரையில் அவன் என் வகுப்பில் தலைநிமிர்ந்து பார்க்கவே இல்லை. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அக்காலத்தில் ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு.

இதனால்தான் உங்களை வேண்டிக்கொள்கிறேன். பிள்ளையின் மதிப்பெண் திடீரெனச் சரிந்தால், "ஏன் படிக்கவில்லை?" என்று தொடங்காதீர்கள். அவன் எப்போது உறங்குகிறான், காலையில் உண்டானா, யாரோடு பள்ளிக்குப் போகிறான், வகுப்பில் யாரேனும் அவனைச் சீண்டுகிறார்களா என்று விசாரியுங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் மூன்று மாதங்களுக்குப் பின் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் முதல் நாள் எதையுமே கேட்க வேண்டா. உண்ணட்டும், உறங்கட்டும். இரண்டாம் நாள் தாமாகவே பேசுவார்கள்.

நம் அரசு 2017ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடங்கள் பெற்றோரை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. மேல்நிலைத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணும் 1,200லிருந்து 600ஆகக் குறைந்தது. போட்டியின் சூட்டைத் தணிப்பதே இவற்றின் நோக்கம். நாமோ விடவில்லை. கிறிஸ்துமஸ் அன்று பெரியப்பா வீட்டிலோ சித்தி வீட்டிலோ இலை போட்டு அமர்ந்ததும், "எத்தனை மார்க்கு வரும்?" என்று கேட்காமல் நம்மால் பிரியாணியை விழுங்க முடிவதில்லை. அக்கேள்வியை எதிர்பார்த்தே விழா நாளில் தலைவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவர் கழகம் 2016இல் அறிவுறுத்தியது. நம் வீடுகளில் தேர்வுக் காலத்தில் ஆறு மணி நேரமே அரிது. பகலில் படித்தது மனத்தில் நிலைபெறுவது பெரிதும் உறக்கத்தின்போதே நடக்கிறது. எனவே நள்ளிரவு ஒரு மணி வரை கண்விழித்துப் படிப்பவன், ஒரு கையால் ஏந்தியதை மறு கையால் சிந்துகிறான். மேலும், விடலைப் பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பு இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. ஆகவே அவர்கள் காலையில் எழுந்திருக்கத் தடுமாறுவது எப்போதும் சோம்பல் அன்று. கைப்பேசியைப் படுக்கையில் விட்டுவைப்பது இத்தாமதத்தை இன்னும் நீட்டும். அதை இரவு ஒன்பதரைக்கே சமையலறை அலமாரியில் வைத்துவிடுங்கள். உங்கள் கைப்பேசியையும் கூடவே வையுங்கள். இல்லையேல் உங்கள் சொல் எடுபடாது.

இங்கே பங்குப் பேரவையினர்க்கும் இளைஞர் மன்றத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். நம் கீத பவனிகள் பெரும்பாலும் தேர்வு வாரத்திலேயே நடக்கின்றன. ஆட்டமும் பாட்டமும் முடிந்து பிள்ளைகள் வீடு சேர நள்ளிரவாகிறது; மறுநாள் காலையில் அறிவியல் தேர்வு. ஒலிபெருக்கியின் ஓசை பவனிக்கு வராத பிள்ளைகளையும் படிக்கவிடுவதில்லை. பிற சமயத்து அயலார் பிள்ளைகளுக்கும் அதே தேர்வுதான். பவனியைத் தேர்வுக்கு முன்னரே முடித்துக்கொள்ளலாம். அல்லது ஒன்பது மணிக்குள் நிறைவு செய்யலாம். குடில் போட்டியை 24ஆம் தேதிக்கு வைத்துக்கொண்டால் ஒருவர்க்கும் இடர் இல்லை.

விடுமுறையில் சிறப்பு வகுப்புகள் வைப்பதைப் பற்றி ஆண்டுதோறும் எழுதி எனக்கே அலுத்துவிட்டது. விடுமுறையை விடுமுறையாகவே விடுக.

பலரும் எண்ணிப்பாராத ஒன்று உணவு. 1982 சூலை 1ஆம் நாள் விரிவுபெற்ற சத்துணவுத் திட்டம் பின்னர்ப் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. பள்ளிக்கூடம் மூடியிருக்கும் நாள்களில் சத்துணவுக் கூடமும் மூடியிருக்கும். மழைக்காலத்தில் கூலியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இவ்விடுமுறை நண்பகல் உணவில்லாத விடுமுறை. வின்சென்ட் தே பவுல் சபையார் விழாவுக்குப் புத்தாடை வழங்குவது நல்லது. அத்தகைய பத்து வீடுகளுக்கு 24ஆம் தேதியே பத்து நாள் அரிசியும் பருப்பும் போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது.

இனிச் சொல்வதைத் தயங்கியே எழுதுகிறேன். ஆயினும் எழுதாமல் விடலாகாது. பிள்ளை நாள்கணக்கில் பேசாமல் ஒதுங்கியிருந்தால், உண்ண மறுத்தால், தான் விரும்பிப் போற்றிய பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிட்டால், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பதுபோல் பேசினால், அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, சாக வேண்டும்போல் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று அஞ்சுவது தவறு. கேட்டால் பாரம் இறங்கும் என்பதே மருத்துவர்கள் கண்டது. அவ்வேளையில் பிள்ளையைத் தனியே விடலாகாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' என்னும் அரசு உதவித் தொலைபேசியின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இவ்விரண்டையும் நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பங்குத்தந்தையிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அதனோடு நின்றுவிடாமல் மருத்துவரிடமும் செல்லுங்கள்.

பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தவறினாலும், சில வாரங்களில் நடக்கும் துணைத்தேர்வில் அப்பாடத்தை மட்டும் எழுதித் தேறி, அதே ஆண்டில் மேற்படிப்பில் சேர வழி உண்டு. இதைப் பிள்ளைக்கு முடிவு வெளிவந்த அன்று சொல்வதைவிட இப்போதே, ஏதோ பேச்சுவாக்கில் சொல்லி வையுங்கள். "அப்பாவுக்கு இது முன்பே தெரியும்" என்று அவன் அறிந்திருக்க வேண்டும்.

சென்ற மாதம் ஒரு தாயார் எழுதிய கடிதத்தில், தம் மகள் செய்முறைத் தேர்வை நினைத்துக் கை நடுங்குவதாகக் கூறியிருந்தார். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்ற பிரிவைப் பற்றியும், அந்த 25ஐ அச்சமின்றிப் பெறும் முறையைப் பற்றியும் அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை அம்மகள் புத்தகத்தை மூடிவிட்டு, குடிலுக்கு வைக்கோல் பரப்பட்டும்.