முன்னால் இழுத்தவனுக்குப் பங்கு உண்டா?

சம்பளத் தகராறு, வீட்டுப் பிரச்சினை, வேலை நிறுத்தக் கடிதம் என்று நம்மைத் தேடி வருகிறவர்கள் அநேகம். சைக்கிளோட்டப் போட்டித் தகராறு ஒன்று சங்கத்துக்காரரான நம் வீட்டு வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் கேட்கக் கேட்க, இது நமக்கு நன்றாகப் பழக்கப்பட்ட தகராறுதான் என்று தெரிந்தது.

வந்தவர்கள் கூலாய் வட்டாரத்துப் பையன்கள் ஐந்து பேர். எல்லாருமே தோட்டத்துப் பிள்ளைகள். இருவருடைய பெற்றோர் இன்னும் செம்பனையில்தான் வேலை செய்கிறார்கள். மற்றவர்கள், தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தினர். பையன்களுக்குச் செனாய்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து, கோத்தா திங்கி சாலையில் இருபுறமும் செம்பனை நிற்க, ஏறி இறங்கிப் பழகுகிறார்கள். குடித்துவிட்டுச் சுற்றுகிற வயதில் இப்படி ஒரு பழக்கம் என்றால் அதைப் பாராட்டத்தானே வேண்டும்.

சென்ற ஆண்டு இவர்கள் ஒரு போட்டிக்குப் போனார்கள். தொழில்முறை வீரர்கள் இல்லாத, வேலைக்குப் போகிறவர்கள் ஓட்டுகிற போட்டி. 90 கிலோமீட்டர்; கடைசிப் பாதியில் மூன்று மேடுகள். ஐவரில் ஒல்லியாக இருக்கும் தம்பி மூன்றாவதாக வந்தான். சில நூறு வெள்ளி உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உறை அவன் சட்டைப் பைக்குள் போனது. அன்றிரவே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"மேட்டுல ஏறுனது என் காலுதானே அண்ணே? இவனுங்க அங்க எங்க இருந்தானுங்க?" என்றான் ஒல்லித் தம்பி.

"அந்த மேட்டுக்கு வர்ற வரைக்கும் நாப்பது கிலோமீட்டரு என் முதுகுக்குப் பின்னாலதான்ணே உட்கார்ந்து வந்தான். காத்த எல்லாம் நான் வாங்குனேன். அவன் புதுசா வந்து ஏறுனான்" என்றான் கனத்த உடம்புக்காரத் தம்பி. இவன் போட்டியை முடிக்கவே இல்லை. மூன்றாவது மேட்டில் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவன்.

காற்றை வாங்குவது என்றால் என்ன என்று முதலில் நமக்கே புரியவில்லை. நம் தகப்பனார் காலத்தில் சைக்கிள் என்றால் பால் வாளியைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போகிற வண்டி. அதில் யார் முன்னால் போனால் என்ன, பின்னால் போனால் என்ன! ஆனால் சமதரையில் மணிக்கு 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவனுக்குப் பெரிய எதிரி காற்றுதான். அவன் மிதிக்கும் மிதியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. அவனுக்குப் பின்னால், சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு முழ இடைவெளியில் ஒட்டிப் போகிறவனுக்கோ கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பலம் மிச்சமாகிறது. ஆகவே ஒரு குழுவில் ஒருவன் முன்னால் போய் அரை நிமிடம், ஒரு நிமிடம் இழுத்துவிட்டு, ஒதுங்கிப் பின்னுக்கு வருவான், அடுத்தவன் இழுப்பான். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போன்றதுதான்.

மேடு வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் 12, 15 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. உடம்புக் கனம்தான் கீழே இழுக்கும். அங்கே பின்னால் ஒட்டிப் போவதால் கிடைக்கிற லாபம் மிகக் குறைவு. 60 கிலோ பையன் முன்னேறுவான், 75 கிலோ பையன் பின்தங்குவான். அதனால் கனத்த பையனுடைய வேலை மேட்டில் இல்லை, மேட்டுக்கு முன்னால் இருக்கிறது. ஒல்லிப் பையனைக் காற்றுப் படாமல் கொண்டுவந்து, தண்ணீர் கொடுத்து, கூட்டத்தில் சிக்கி விழாமல் முதல் பத்துப் பேருக்குள் வைத்து, மேட்டின் அடிவாரத்தில் இறக்கிவிட வேண்டும். அதோடு இவன் கடமை முடிந்தது. முடித்தானா, கடைசியாக வந்தானா என்பதெல்லாம் பிறகுதான்.

இதைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வந்தது செம்பனைக் காடுதான். குலை வெட்டுகிறவன் புருஷன். பின்னால் குனிந்து உதிரிப்பழம் பொறுக்குகிறவள் பெண்சாதி. எத்தனை தோட்டங்களில் அவள் பெயர் செக்ரோலில் இல்லாமலேயே வேலை நடந்திருக்கிறது! எண்ணுவது குலையை, சம்பளம் ஒரு பெயரில். அவள் பொறுக்காவிட்டால் அவன் அத்தனை குலை வெட்டியிருப்பானா என்று எந்தக் கிராணியும் கேட்டதில்லை. போட்டியை முடிக்காத தம்பியின் பெயரும் முடிவுப் பட்டியலில் இல்லை.

இந்தத் தகராறு இன்று நேற்று முளைத்ததல்ல. உலகத்திலேயே பெரிய சைக்கிளோட்டப் போட்டி பிரான்ஸ் நாட்டைச் சுற்றி வருவது; 1903-இல் ஆரம்பித்தது. அதை நடத்திய ஹென்றி தெகிரான்ஜ் என்பவருக்கு ஒருவனுக்கு ஒருவன் உதவுவதே பிடிக்காது. அவனவன் தன் காலை நம்பி ஓட்ட வேண்டும் என்பார். 1911-இல் மோரிஸ் புரோக்கோ என்ற ஓட்டக்காரர், தமக்கு வெற்றி வாய்ப்பு இல்லை என்று தெரிந்ததும் காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்கு இழுத்துக் கொடுத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டது. அவரைத் தெகிரான்ஜ் 'டொமெஸ்டிக்' என்று எழுதினார். வீட்டு வேலைக்காரன் என்று அர்த்தம்! புரோக்கோ ரோஷத்தோடு அடுத்த மலைக் கட்டத்தில் ஓட்டி முதலாவதாக வந்து காட்டினார். போட்டியிலிருந்து நீக்கியது நீக்கியதுதான். அன்று திட்டுவதற்குச் சொன்ன வார்த்தை இன்று அந்த வேலைக்கே பெயராகிவிட்டது. கூலி என்ற சொல் நம் மீது ஒட்டிக்கொண்ட மாதிரி.

1934-இல் அதே போட்டியில் நடந்தது இதைவிட மனதைத் தொடுவது. ரெனே வியெட்டோ என்ற 20 வயதுப் பையன். கான் நகரத்து ஹோட்டலில் வேலை பார்த்தவன். மலை ஏறுவதில் சூரன். பிரனீஸ் மலையில் அவனுடைய குழுத் தலைவர் அந்தோணின் மாஞ்ஞின் சக்கரம் கெட்டுப்போக, தன் முன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும் வரை சாலையோரக் கல் சுவரில் உட்கார்ந்து அழுதான். அந்தப் படம் இன்றைக்கும் புகழ் பெற்றது. மறுநாளும் தலைவருக்கு வண்டி கெட்டது. முன்னால் போய்விட்டிருந்த பையன் திரும்பி மேட்டிலேயே ஏறி வந்து தன் சைக்கிளையே கொடுத்தான். மாஞ் போட்டியில் ஜெயித்தார். வியெட்டோ ஐந்தாவது. பிரான்ஸ் மக்கள் கொண்டாடியது யாரை என்றால் அந்தப் பையனைத்தான்.

இப்போது அந்தப் போட்டியில் ஜெயிக்கிறவர் தம் பரிசுப் பணத்தைக் குழுவினருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. சக்கரம் மாற்றுகிறவர், உடம்பு பிடித்துவிடுகிறவர் வரைக்கும் பங்கு போகும். சட்டத்தால் வந்ததல்ல, கூட ஓட்டுகிறவர்கள் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டுமே என்பதால் வந்தது.

நம் ஊருக்கு வருவோம். மலேசியாவுக்கு இந்த விளையாட்டில் நல்ல பெயர் உண்டு. பேங்காக் ஆசியப் போட்டியில் சாலை ஓட்டத்தில் தங்கம் வென்றவர் நம் இங் ஜூ ஙான். நம்மவர்களில் எம். குமரேசன் 1988 சோல் ஒலிம்பிக்கிலும் 1992 பார்சலோனா ஒலிம்பிக்கிலும் நாட்டுக்காக ஓட்டினார். 1996-இல் ஆரம்பித்த லங்காவிச் சுற்றுப் போட்டியில் கெந்திங் மலை ஏற்றம் என்றால் வெளிநாட்டு வீரர்களே பெருமூச்சு விடுவார்கள். அதில் ஒரு கட்டத்தை வென்ற முதல் மலேசியர் என்ற பெயரை அனுவார் மானான் 2010-இல்தான் எடுத்தார். ஆகவே காலில் பலம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நம் பையன்களிடமும் காலில் குறை இல்லை. குறை எங்கே என்பதை அந்தப் போட்டியின் இரண்டாவது மேடு காட்டிவிட்டது. ஒல்லித் தம்பி மேட்டின் உச்சியில், மற்றவர்கள் மூச்சு வாங்க ஒரு நொடி தளர்ந்த நேரத்தில் பிய்த்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். அருமையான வேலை. அடிவாரத்திலேயே பாய்கிறவன் பாதி மேட்டில் செத்துப் போவான். உச்சியைத் தாண்டும்போது பாய்கிறவனுக்கு இறக்கம் கூட உதவிக்கு வரும். அப்போது பின்னால் இருந்த நம் பையன் என்ன செய்திருக்க வேண்டும்? கூட்டத்தோடு சும்மா உட்கார்ந்து வந்திருக்க வேண்டும். இழுக்கிற முறை தனக்கு வந்தாலும் 'முன்னால போறவன் எங்க ஆளு, நான் இழுக்க மாட்டேன்' என்று இருந்துவிடுவது சாலை ஓட்டத்தில் தப்பே இல்லை. குறுக்கே வண்டியை வளைத்து மறிப்பதுதான் தப்பு. ஆளைக் கொல்கிற தப்பு. ஆனால் நம் தம்பி என்ன செய்தான்? உற்சாகத்தில் தானே முன்னால் வந்து, இருபது பேரை முதுகில் ஏற்றிக்கொண்டு துரத்தி, தன் சொந்தக் குழுக்காரனை மூன்றாவது மேட்டில் பிடித்துக் கொடுத்துவிட்டான்!

"ஏன்டா தம்பி துரத்துன?" என்று கேட்டோம்.

"நானும் ஜெயிக்கணும்னுதாண்ணே போனேன். ஜெயிச்சா அவனுக்குத்தானே காசு?"

இந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. முந்தின இரவு இவர்கள் எந்த டயர், எத்தனை வாழைப்பழம் என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். யாருக்காக யார் ஓட்டுவது, பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஐந்து நிமிடம் பேசவில்லை. பங்கு இல்லை என்று நினைக்கிறவன் எப்படி அடங்கி உட்கார்ந்து வருவான்? அந்தத் தம்பி மீது நமக்குக் கோபம் வரவில்லை.

பேசிக்கொள்ளாததால் பெரியவர்களே கோட்டை விட்டிருக்கிறார்கள். 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் சாலை ஓட்டம், 137 கிலோமீட்டர், ஃபூஜி மலைப் பக்கத்து ஏற்றங்கள். நெதர்லாந்திலிருந்து நான்கு பேர்; நால்வருமே தனியாக ஜெயிக்கக் கூடியவர்கள். ஆஸ்திரியாவிலிருந்து ஒரே ஒரு பெண், அன்னா கீசன்ஹோஃபர். கணிதம் படித்து ஆராய்ச்சி செய்கிறவர், எந்தத் தொழில்முறைக் குழுவிலும் அப்போது இல்லை. ஆரம்பத்திலேயே சிலரோடு முன்னால் போனவர், கடைசி 40 கிலோமீட்டர் வாக்கில் அவர்களையும் விட்டுவிட்டுத் தனியாகவே போனார். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது. பின்னால் வந்தவர்கள் முன்னால் போனவர்களை எண்ணத் தவறிவிட்டார்கள். 75 விநாடி கழித்துக் கோட்டைத் தாண்டிய ஆன்மீக் ஃபான் ஃப்ளூட்டன், தாம்தான் முதல் என்று கையைத் தூக்கினார்! நான்கு நல்ல கால்கள் சேர்ந்தால் ஒரு குழு ஆகிவிடாது என்று நாம் சொன்னால், சங்கத்துக்காரன் அப்படித்தான் சொல்லுவான் என்பீர்கள். சரி, அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் கருத்து இதுதான். போட்டிக்கு முந்தின நாளே பேசி, ஒரு தாளில் எழுத வேண்டும். யார் இழுப்பது, எது வரை இழுப்பது, யாரை மேட்டில் விடுவது, அவனுக்கு முடியாமல் போனால் அடுத்தது யார். கீழே பணக் கணக்கு: எவன் வாங்கினாலும் ஐந்து சமபங்கு, முடிக்காதவனுக்கும் பங்கு. "அப்படின்னா சோம்பேறிக்கும் காசா அண்ணே?" என்று ஒல்லித் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. தோட்டத்திலும் இதைக் கேட்டிருக்கிறார்கள். இழுக்க ஒப்புக்கொண்டு இழுக்காதவனுக்கு அடுத்த போட்டியில் இடம் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள், அதை மற்ற நால்வரும் சேர்ந்து முடிவு செய்யட்டும் என்றோம். ஜெயித்தவன் மட்டும் முடிவு செய்தால் அது துரை நியாயம் ஆகிவிடும்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தனி ஆளுக்கு மட்டும் பரிசு வைத்துவிட்டுக் குழுவாக வாருங்கள் என்று கூப்பிடுவது சரியில்லை. பெரிய போட்டிகளில் ஒவ்வொரு குழுவிலும் முதல் மூன்று பேருடைய நேரத்தைக் கூட்டிக் குழுப் பரிசு கொடுக்கிறார்கள். இங்கேயும் அதைச் செய்யலாம், செலவு ஒரு கோப்பைதான். நம் பையன்கள் பல ஆயிரம் வெள்ளி சைக்கிளோடு வருகிறவர்களுடன் மோதுகிறார்கள். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 2025-இல்தான் 1,700 வெள்ளியானது. ஐவரிடமும் சேர்த்து நல்ல சக்கரம் ஒரு ஜோடிதான் இருக்கிறது! (அதை யாருக்குப் பூட்டுவது என்பதிலும் ஒரு தகராறு. அதற்கு நம்மிடம் தீர்ப்பு இல்லை. ஏறுகிறவனுக்கே பூட்டுங்கள் என்றோம், கனத்த தம்பி முகம் சுருங்கியது.)

சாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செம்பனைக் குலை லோரிகள் போகிற வழியில் இருட்டோடு பழகுகிறார்கள். பின் விளக்கு, தலைக்கவசம் இல்லாதவனைக் கூட்டிப் போகாதீர்கள் என்று பெற்றோர் சார்பில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்.

அன்று சாயந்தரம் கூலாய் டவுன் டீக்கடையில் உட்கார்ந்தோம். ஒல்லித் தம்பி உறையை மேசை மேல் வைத்தான். கொஞ்சம் செலவழித்துவிட்டிருந்தான், சம்பளம் வந்ததும் போடுகிறேன் என்றான், ஒத்துக்கொண்டார்கள். ஐந்தாகப் பிரித்தார்கள். கனத்த தம்பி தன் பங்கை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "அடிவாரம் வரைக்கும் கொண்டாந்து விட்டேன்னு இப்பவாவது ஒத்துக்கிட்டானே" என்று மட்டும் சொன்னான். துரத்திப் பிடித்த தம்பிதான் பாதியில் எழுந்து போய்விட்டான், வெட்கம்தான், வேறென்ன. ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பயிற்சிக்கு வருவான் என்கிறார்கள். அவன் பங்கு நம்மிடம் இருக்கிறது.